பிரேடியின் பெனால்டிகள்

கால்பந்தில் ஐரிஷ் மிட்ஃபீல்டர், அதாவது அயர்லாந்தின் நடுக்கள ஆட்டக்காரர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ராய் கீனில்தான் ஆரம்பிப்பார்கள். என் நண்பனும் அப்படித்தான். "கீனை விட்டா யாருடா இருக்கான் அந்த நாட்டுல?" என்றான். கீன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் லியாம் பிரேடி என்று சொன்னேன். அவனுக்குப் பெயரே தெரியவில்லை. சரி, ஒரு வீடியோ அனுப்புகிறேன் பார் என்று சொல்லிவிட்டுத் தேடப் போனேன். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று போய், ராத்திரி இரண்டு மணிக்கு, எங்கேயோ தென் இத்தாலியில் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மங்கலான ஆட்டத்தில் ஒரு மனிதன் பெனால்டி அடிப்பதைப் பத்தாவது தடவையாக ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி நண்பனுக்கு வீடியோ அனுப்பவே இல்லை. அதற்குப் பதிலாக இந்தப் பதிவு.

1982 மே 16. இத்தாலிய லீகின் கடைசி நாள். டூரின் நகரத்து ஜுவென்டஸுக்கும் ஃபியோரென்டினாவுக்கும் சரிசமமாக 44 புள்ளிகள். ஜுவென்டஸ் தெற்கே கட்டான்சாரோவில் ஆடுகிறது, ஃபியோரென்டினா சார்டினியா தீவில் காலியரியோடு ஆடுகிறது. இரண்டு மைதானத்திலும் முக்கால்வாசி நேரம் ஓடிவிட்டது, இரண்டிலும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் பட்டத்துக்குத் தனியாக ஒரு ஆட்டம் வைக்க வேண்டும். அப்போது கட்டான்சாரோ கோல் வாசலில் ஒரு கை பந்தைத் தடுக்கிறது, நடுவர் பெனால்டி என்று காட்டுகிறார். ஜுவென்டஸில் பெனால்டி அடிக்கிறவர் பத்தாம் நம்பர் சட்டைக்காரர், டப்ளின்காரர், லியாம் பிரேடி.

இதில் என்ன இருக்கிறது, எத்தனையோ பேர் கடைசி நாளில் பெனால்டி அடித்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். விஷயம் இதுதான். அடுத்த சீசனில் அவருக்கு அந்த கிளப்பில் இடம் இல்லை. அது அவருக்கே தெரியும், சில வாரங்களுக்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இத்தாலியில் ஒரு கிளப்புக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் என்று இருந்த கணக்கு, அடுத்த சீசனிலிருந்து இரண்டு ஆகப்போகிறது. ஜுவென்டஸ் போலந்திலிருந்து போனியெக்கையும் பிரான்ஸிலிருந்து பிளாட்டினியையும் எடுத்துவிட்டது. இரண்டு நாற்காலி, மூன்று ஆள். எழுந்து போக வேண்டியவர் பிரேடி.

அந்த நிலைமையில் பந்தைப் புள்ளியில் வைத்து அடிக்க வேண்டும். "நீ அடிடா, எனக்கு மனசு சரியில்லை" என்று வேறு யாரிடமாவது பந்தைக் கொடுத்திருந்தால் ஒருத்தரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. அடித்து வெளியே போயிருந்தாலோ, ஆயுசுக்கும் வேண்டுமென்றே விட்டான் என்று பேசியிருப்பார்கள். இடது காலால் அடித்தார், கோல். 1-0. அங்கே காலியரியில் ஃபியோரென்டினா கோல் இல்லாமலே ஆட்டத்தை முடித்தது. ஜுவென்டஸுக்கு இருபதாவது பட்டம். இத்தாலியில் பத்து பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், சட்டையில் தைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது நட்சத்திரத்தை வாங்கிக் கொடுத்த கால், கிளப் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருவருடையது.

(ஃபியோரென்டினா ரசிகர்கள் இன்றைக்கும் அந்த நாளை மறக்கவில்லை. அவர்கள் அடித்த ஒரு கோலை நடுவர் செல்லாது என்றார். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் நுழையப் போவதில்லை.)

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம்.

பிரேடி பிறந்தது 1956 பிப்ரவரி 13, டப்ளினில். வீடே கால்பந்து வீடு. அண்ணன்களில் ரே பிரேடி அயர்லாந்துக்கே ஆடியவர், பாட் பிரேடியும் லண்டன் கிளப்புகளில் ஆடியவர். ஆனால் அந்தக் காலத்து அயர்லாந்தில் கால்பந்து என்பது நம் ஆட்கள் நினைக்கிற மாதிரி நேரான விஷயம் இல்லை. அங்கே சொந்த விளையாட்டு என்றால் கையாலும் ஆடுகிற கேலிக் கால்பந்தும், மட்டையால் ஆடுகிற ஹர்லிங்கும். நாம் பார்க்கிற கால்பந்து வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம், அதை ஆடினாலோ, பார்க்கப் போனாலோகூட அந்தச் சொந்த ஆட்டங்களை நடத்துகிற கேலிக் சங்கத்திலிருந்து நீக்கலாம் என்று 1971 வரை விதியே இருந்தது. பிரேடி படித்தது கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளி. பள்ளியின் கேலிக் ஆட்டம் இருந்த நாளில் பையன் அயர்லாந்து சிறுவர் அணிக்குக் கேப்டனாக வேல்ஸோடு ஆடப் போய்விட்டான். அதற்காகப் பள்ளியை விட்டே போகச் சொன்னார்கள். நாட்டுக்காக ஆடியதற்கு!

பதினைந்து வயதில் லண்டன், ஆர்சனல். 1973 அக்டோபரில், பதினேழு வயதில், பர்மிங்காம் சிட்டியோடு நடந்த ஆட்டத்தில் பதிலாளாக முதல் தடவை களத்துக்குள் வந்தார். சக ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'சிப்பி'. தமிழில் எழுதினால் கடற்கரையில் பொறுக்குகிற சிப்பி மாதிரி இருக்கிறது. அவர் பந்தை அலுங்காமல் தூக்கிப்போடுகிற அழகுக்கு வைத்த பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், ஆங்கிலத்தில் அப்படிப் போடுவதையும் சிப் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. பையனுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றால் உயிர், அவ்வளவுதான்.

அடுத்த வருடமே அயர்லாந்து அணி. 1974 அக்டோபர் 30, டப்ளின் டாலிமவுண்ட் பார்க்கில் சோவியத் யூனியனை 3-0 என்று அடித்தார்கள், மூன்றையும் அடித்தது டான் கிவன்ஸ். அணியின் மேனேஜரும் நடுக்களத்தில் பக்கத்தில் ஆடுகிறவரும் ஒரே ஆள், ஜானி கைல்ஸ். லீட்ஸ் கிளப்பில் அடியும் பாஸும் ஒன்றாகக் கற்ற மனிதர். பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது, அதுவும் உண்மையான பள்ளிக்கூடம் துரத்திவிட்ட பிறகு.

பிரேடி எப்படி ஆடுவார் என்று நேரில் பார்க்காத நான் எழுத்தில் சொல்வது கஷ்டம். சாக்ஸ் கணுக்கால் வரை சரிந்து கிடக்கும். உடம்பு பெரிசில்லை, வேகமும் பெரிசில்லை. வலது கால் நிற்பதற்கு, மற்ற எல்லாம் இடது கால். பந்து வந்ததும் ஒரு பக்கம் போகிற மாதிரி இடுப்பை ஆட்டுவார், எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்த நேரத்தில் இவர் வேறெங்கோ இருப்பார். அவசரம் என்பதே கிடையாது. அப்போதைய இங்கிலாந்து மைதானங்கள் குளிர்காலத்தில் உழுதுபோட்ட வயல், அந்தச் சேற்றில் ஒருத்தர் மட்டும் கூடத்தில் நடக்கிற மாதிரி நடக்கிறார் என்றால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்!

1978 டிசம்பர் 23, டாட்டன்ஹாம் மைதானம். அந்த ஆண்டு உலகக்கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியிலிருந்து ஆர்டிலஸையும் வில்லாவையும் டாட்டன்ஹாம் கூட்டிவந்திருந்தது, ஊரெல்லாம் அதே பேச்சு. ஆர்சனல் அவர்கள் வீட்டுக்கே போய் 5-0 என்று அடித்தது. ஆலன் சண்டர்லேண்ட் மூன்று கோல். ஆனால் யாரும் சண்டர்லேண்டைப் பற்றிப் பேசுவதில்லை, பாவம். பேசுவது பிரேடியின் கோலைப் பற்றித்தான். பெனால்டி பெட்டிக்குச் சற்று வெளியே பீட்டர் டெய்லரிடமிருந்து பந்தைப் பிடுங்குகிறார், ஒரு அடி எடுத்து வைக்கிறார், இடது காலின் வெளிப்பக்கத்தால் அடிக்கிறார். வெளிப்பக்கத்தால்! பந்து வளைந்து மேல் மூலையில் போய் உட்காருகிறது. வர்ணனை செய்த ஜான் மாட்சன் அதைப் பாருங்கள், அதைப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொல்வதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்காமல் நிற்கிறார். வீடியோவில் நான் கவனித்தது, பிடுங்குவதிலிருந்து அடிப்பது வரை அவர் உடம்பில் எங்கேயும் ஒரு இறுக்கம் தெரியவில்லை. பிடுங்கிய காலே அடித்த கால் மாதிரி அவ்வளவு ஒட்டி நடக்கிறது எல்லாம்.

அந்த சீசன் முடிவில் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்கு. பிரிட்டனுக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் வெளியே பிறந்த ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

அப்புறம் 1979 மே 12, வெம்ப்ளி, எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி, எதிரே மான்செஸ்டர் யுனைடெட். அந்த ஆர்சனல் பதினொன்றில் ஆறு பேர் அயர்லாந்து தீவுக்காரர்கள். பிரேடி, ஸ்டேபிள்டன், ஓலீரி தெற்கிலிருந்து. ஜென்னிங்ஸ், ரைஸ், நெல்சன் பிரிட்டனோடு சேர்ந்த வடக்கிலிருந்து. மேனேஜர் டெரி நீலும் பெல்ஃபாஸ்ட்காரர். வடக்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. இவர்கள் ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

85 நிமிடம் வரை ஆர்சனல் 2-0. இரண்டாவது கோலுக்குப் பிரேடி கொடுத்த பந்து வலது காலால் போட்டது, நிற்பதற்கு மட்டும் என்று மேலே சொன்னேனே, அந்தக் காலால். ஸ்டேபிள்டன் தலையால் முட்டினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது 86-வது நிமிடம் மெக்வீன் ஒரு கோல், 88-வது நிமிடம் மெக்கில்ராய் ஒரு கோல். 2-2. ஆர்சனல்காரர்கள் எல்லோரும் செத்த மாதிரி நிற்கிறார்கள். நடு மைதானத்தில் பந்தை வைத்துத் திரும்ப ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், பிரேடி பந்தை வாங்கிக்கொண்டு முன்னே ஓடுகிறார். சாக்ஸ் வழக்கம்போல் கீழே. அவர் பின்னால் சொன்னது, கோல் அடிக்கிற எண்ணமே இல்லையாம். கூடுதல் நேரம் வரைக்கும் பந்து நம் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றுதான் ஓடினாராம். ஓடி, இடது பக்கம் ரிக்ஸிடம் தள்ளினார். ரிக்ஸ் கோலுக்குக் குறுக்காகத் தூக்கிப்போட, கடைசிக் கம்பத்தில் சண்டர்லேண்ட். 3-2. அந்த நாலைந்து நிமிடத்தின் பெயரிலேயே அந்த இறுதிப்போட்டியை இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த சீசன் எழுபது ஆட்டம். எண்ணிப் பாருங்கள், எழுபது. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மட்டும் லிவர்பூலோடு நான்கு தடவை ஆட வேண்டியிருந்தது. இதற்கு நடுவே, தங்கள் நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகள் ஆடுகிற ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை அரையிறுதியில் ஜுவென்டஸ். லண்டனில் 1-1. டூரினில் 88-வது நிமிடம் வரை கோல் இல்லை, அப்படியே முடிந்தால் எதிரி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் ஜுவென்டஸ் இறுதிக்குப் போய்விடும். பதினெட்டு வயது பால் வேசன் பதிலாளாக வந்து தலையால் முட்டி 1-0. எதிர் பெஞ்சில் ஜுவென்டஸ் பயிற்சியாளர் ஜொவான்னி டிராபட்டோனி. தோற்றது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் மனிதர் அந்த இடது காலை மறக்கவில்லை.

மே 10 எஃப்.ஏ. கோப்பை இறுதி, வெஸ்ட் ஹாமிடம் 0-1 தோல்வி. நாலே நாள் கழித்து, மே 14, பிரஸ்ஸல்ஸ் ஹைசல் மைதானத்தில் வலென்சியாவோடு இறுதி. 120 நிமிடம் கோல் இல்லை. பெனால்டி. வலென்சியாவுக்கு முதலில் அடித்தவர் மரியோ கெம்பெஸ், உலகக்கோப்பை நாயகன். ஆர்சனல் கோல்கீப்பர் ஜென்னிங்ஸ் தடுத்துவிட்டார்! ஆர்சனலுக்கு முதலில் அடித்தவர் பிரேடி. அதையும் தடுத்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ரிக்ஸ் அடித்ததும் தடுக்கப்பட்டு 5-4. எழுபது ஆட்டத்துக்குக் கையில் ஒரு கோப்பையும் இல்லை.

ஆர்சனலுக்காக 307 ஆட்டம், 59 கோல். அதோடு கிளம்பினார்.

அவர் போன விலை சுமார் 5 லட்சம் பவுண்டு. இங்கிலாந்துக்குள்ளேயே ஆண்டி கிரே மாதிரி ஆட்கள் பத்து லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது, பிரேடி அதில் பாதிக்கும் கீழே. ஆர்சனல் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

இத்தாலியில் அப்போதுதான் கதவு திறந்திருந்தது. 1966 உலகக்கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே வேண்டாம் என்று மூடியவர்கள், 1980-ல் கிளப்புக்கு ஒருவர் என்று திறந்தார்கள். ரோமாவுக்கு ஃபால்காவ், நாப்போலிக்கு க்ரோல், இன்டருக்குப் புரோஹாஸ்கா, ஜுவென்டஸுக்குப் பிரேடி. பிரிட்டன் பக்கத்து ஆட்டக்காரர்கள் வெளிநாடு போனால் சாப்பாடு பிடிக்கவில்லை, மொழி வரவில்லை என்று ஒரு வருடத்தில் திரும்பி வருவது வழக்கம். இவர் மொழியைக் கற்றுக்கொண்டார், ஏழு வருடம் இருந்தார். முதல் சீசனில் லீகில் 8 கோல். கோல் அடிப்பதற்கென்றே ஸ்ட்ரைக்கர்கள் இருக்கும்போது மிட்ஃபீல்டர்தான் அந்த அணியில் அதிகம் அடித்தவர். பட்டம். இரண்டாவது சீசன், பட்டம். இரண்டு சீசன், இரண்டு பட்டம், வெளியே போ. எந்த ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கும் இது புரியும்.

பிளாட்டினி விஷயத்தில் இன்னொரு கொடுமை இருக்கிறது. 1982 உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் அயர்லாந்தும் பிரான்ஸும் ஒரே பிரிவில். 1981 அக்டோபரில் டப்ளினில் அயர்லாந்து பிரான்ஸை 3-2 என்று வென்றது. கடைசியில் இரண்டு அணிக்கும் 10 புள்ளி, கோல் வித்தியாசத்தில் பிரான்ஸ் போனது. அதே ஆண்டு மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தோடு ஸ்டேபிள்டன் அடித்த ஒரு கோலை நடுவர் செல்லாது என்றார், பிறகு கடைசி நிமிடங்களில் பெல்ஜியம் அடித்து 1-0. அந்தக் கோல் நின்றிருந்தால் உலகக்கோப்பை நடந்த ஸ்பெயினுக்குப் பிரேடியும் போயிருப்பார். ஆக நாட்டுக்காக ஆடும்போதும் இடம் பிளாட்டினிக்கு, கிளப்பிலும் இடம் பிளாட்டினிக்கு, எல்லாம் ஒரே வருடத்துக்குள். அது போதாதென்று, அந்தக் கோடையில் இத்தாலி உலகக்கோப்பையை வென்றது. இறுதியில் ஆடியவர்களில் ஆறு பேர் ஜுவென்டஸ்காரர்கள், சோஃப், ஜென்டிலே, கப்ரினி, ஷிரேயா, டார்டெல்லி, ரோஸ்ஸி. நேற்றுவரை பிரேடியிடம் பாஸ் வாங்கிக்கொண்டிருந்த ஆட்கள்.

(பிளாட்டினியைத் திட்ட எனக்கு மனசு வராது. அவர் ஆட்டம் வேறு தளம். ஜுவென்டஸ் செய்தது கணக்குப்படி சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சல்.)

பிரேடி சம்ப்தோரியாவுக்குப் போனார். ஜெனோவா நகரத்து கிளப், அப்போதுதான் மேல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது, மான்சினி என்ற சின்னப் பையன் அங்கே சேர்ந்திருந்தான். புதிய சீசனின் முதல் ஆட்டமே சம்ப்தோரியாவுக்கும் ஜுவென்டஸுக்கும், அதுவும் ஜெனோவாவில். பிளாட்டினி, போனியெக், ஆறு உலக சாம்பியன்கள் எல்லோரும் வந்தார்கள். சம்ப்தோரியா 1, ஜுவென்டஸ் 0. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பிறகு இன்டரில் இரண்டு வருடம், அஸ்கோலியில் கொஞ்ச நாள், 1987-ல் லண்டன் திரும்பி வெஸ்ட் ஹாம். இந்த வருடங்களை ஓட்டமாக ஓட்டுகிறேன், ஏனென்றால் எனக்கு ஹைசலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

1986 செப்டம்பர் 10. நாடுகள் ஆடுகிற ஐரோப்பியக் கோப்பை 1988-க்கான தகுதிச்சுற்றில் அயர்லாந்தின் முதல் ஆட்டம், பெல்ஜியத்தோடு, ஹைசலில். மேனேஜர் ஜாக் சார்ல்ட்டன், அந்த வருடம்தான் வந்திருந்தார். அவருடைய தத்துவம் ரொம்ப எளிது. நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டு கோலம் போடாதே, எதிரியின் பின்வரிசைக்குப் பின்னால் தூக்கி எறி, அவர்களைத் திரும்பி ஓட வை, துரத்திப் போய் நெருக்கு. பிரேடி மாதிரி ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? பந்து தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் ஆடினார், துரத்தினார், முப்பது வயதில் அதற்காக ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் முடிகிற நேரத்தில் 1-2 என்று அயர்லாந்து பின்தங்கியிருக்கிறது, ஒரு பெனால்டி கிடைக்கிறது. அதே மைதானம். ஆறு வருடத்துக்கு முன்னால் வலென்சியாவோடு அடிக்கத் தவறிய அதே ஹைசல். போய் நின்று அடித்தார், 2-2.

ஒரு புள்ளிதானே என்று தோன்றும். கதைக்கு வாருங்கள். பிரிவின் கடைசி ஆட்டங்களில் அயர்லாந்து எல்லாவற்றையும் ஆடி முடித்து 11 புள்ளியோடு நிற்கிறது. பல்கேரியாவுக்கு 10, சோஃபியாவில் ஸ்காட்லாந்தோடு டிரா செய்தாலே போதும். 1987 நவம்பர் 11, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கேரி மெக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர் அடித்துவிட்டார், 1-0. அயர்லாந்து வரலாற்றில் முதல் தடவையாக ஒரு பெரிய போட்டிக்குப் போகிறது. மெக்கேவை அயர்லாந்தில் இன்றும் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் ஹைசல் பெனால்டி இல்லையென்றால் அயர்லாந்துக்கும் 10 புள்ளிதான், கோல் வித்தியாசத்தில் பல்கேரியா மேலே. மெக்கே அடித்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இதை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை, அட்டவணையை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தபோது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதும் ராத்திரி ஒன்றரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன் என்று சொன்னால் நம்புங்கள்.

சரி, ஐரோப்பியக் கோப்பையில் பிரேடி ஆடினாரா? இல்லை. தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில், டப்ளினில் பல்கேரியாவை 2-0 என்று வென்ற ஆட்டத்தில், ஆட்டம் முழுக்க உதைத்துக்கொண்டே இருந்த ஒருவரைக் கடைசி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரெட் கார்டு. அதற்கான தடை இறுதிச்சுற்று வரை நீண்டது. அதற்குமேல் வெஸ்ட் ஹாமில் முழங்கால் போனது. 1988 ஜூன் 12, ஸ்டட்கார்ட்டில் ரே ஹவுட்டன் ஆறாவது நிமிடத்தில் தலையால் முட்டி இங்கிலாந்தை 1-0 என்று அயர்லாந்து தோற்கடித்தபோது, பிரேடி களத்தில் இல்லை.

அடுத்த இலக்கு 1990 உலகக்கோப்பை, அதுவும் இத்தாலியில். ஏழு வருடம் வாழ்ந்த நாடு. 1989 செப்டம்பர் 6, டப்ளினில் மேற்கு ஜெர்மனியோடு ஒரு நட்பு ஆட்டம். பிரேடிக்கு 33 வயது. ஸ்டேபிள்டன் அடித்து 1-0, பிறகு ஜெர்மனி அடித்து 1-1. முதல் பாதி முடியவில்லை, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. சார்ல்ட்டன் பதிலாளை இறக்குகிறார். வெளியே வரச் சொன்னது பிரேடியை. சொந்த மைதானத்தில், அத்தனை பேர் முன்னால், இடைவேளைக்கு முன்பே. இடைவேளை வரைக்கும் விட்டுவிட்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா? சார்ல்ட்டன் அயர்லாந்துக்குச் செய்த நன்மை மலையளவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கே பிரேடி சர்வதேச ஆட்டம் போதும் என்று அறிவித்துவிட்டார். அடுத்த மே மாதம் பின்லாந்தோடு வழியனுப்பு ஆட்டம் ஒன்று வைத்தார்கள். மொத்தம் 72 ஆட்டம், 9 கோல். பிரேசிலை 1987-ல் 1-0 என்று வென்றபோது அடித்ததும் அதில் ஒன்று.

கிளப் ஆட்டத்தில் மட்டும் முடிவு நன்றாக அமைந்தது. 1990 மே, வெஸ்ட் ஹாம், எதிரே உல்வ்ஸ், பிரேடியின் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி நிமிடத்தில் பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் ஒரு கோல். 4-0. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகானதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செல்டிக் மேனேஜர், சரியாக வரவில்லை. பிரைட்டன் மேனேஜர், கிளப்பிலேயே காசில்லாத நேரம். 1996-லிருந்து 2014 வரை ஆர்சனல் இளைஞர் அகாடமியின் தலைவர், அதுதான் அவருக்கு ஒத்து வந்த வேலை. ஆஷ்லி கோல், ஜாக் வில்ஷயர் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். நடுவே 2008-ல் அயர்லாந்துக்கு மேனேஜராக வந்த டிராபட்டோனி தன் உதவியாளராகப் பிரேடியைக் கூப்பிட்டுக்கொண்டார், டூரினில் பார்த்த அதே டிராபட்டோனி. 2009 நவம்பர் 18, பாரிஸில் உலகக்கோப்பைக்கான கடைசிப் படி, எதிரே மறுபடியும் பிரான்ஸ். தியரி ஹென்றி கையால் பந்தை நிறுத்தி, கல்லாஸ் அடித்து, அயர்லாந்து வெளியே. ஹென்றி வருடக்கணக்கில் பிரேடி வேலை பார்த்த அதே கிளப்பில் ஆடியவர். அப்போது ஐரோப்பியக் கால்பந்து சங்கத்தின் தலைவர் யார்? மிஷெல் பிளாட்டினி. நானாகக் கதை எழுதியிருந்தால் இதை வைத்திருக்க மாட்டேன், ரொம்ப ஓவர் என்று எடுத்திருப்பேன்.

ஆனால் எனக்கு 1990 ஜூன்தான் மனசில் நிற்கிறது. அயர்லாந்து பிரேடி இல்லாமல் இத்தாலிக்குப் போனது. மூன்று டிராவோடு பிரிவைத் தாண்டியது. ஜூன் 25, ருமேனியாவோடு இரண்டாம் சுற்று. இடம் ஜெனோவா, பிரேடி சம்ப்தோரியாவுக்காக இரண்டு வருடம் ஆடிய அதே மைதானம். 120 நிமிடம், 0-0. பெனால்டி. நான்கு நான்காக வந்தபோது ருமேனியாவின் ஐந்தாவதை அயர்லாந்து கோல்கீப்பர் பாக்கி பானர் பாய்ந்து தடுத்துவிட்டார். இப்போது ஒன்று அடித்தால் காலிறுதி, ரோம், இத்தாலி.

நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வந்தவர் டேவிட் ஓலீரி. டிஃபென்டர், பெனால்டி அடித்துப் பழக்கம் இல்லாதவர். ஆர்சனலில் பையனாகச் சேர்ந்த காலத்திலிருந்து பிரேடியோடு ஆடியவர், வெம்ப்ளியிலும் ஹைசலிலும் அந்த நாட்களில் கூட நின்றவர். வலைக்குள் அடித்தார். பச்சைச் சட்டைக்காரர்கள் எல்லோரும் நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்து அவர்மேல் குவிந்தார்கள், அடியில் ஓலீரி இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

அந்த வீடியோவைத்தான் கடைசியில் நண்பனுக்கு அனுப்பினேன். "இதுல பிரேடி எங்கடா?" என்று கேட்டிருக்கிறான்.